வேலை நடக்கிறது

பிரசவ வார்டை மூட முடியாது என்று
மேலிடத்துக் கடிதம் வந்தது.
மூடினால் ஈப்போதான்,
செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம்.
ஆகவே பாதியை இடிப்பார்கள்,
பாதியில் பெறுவார்கள்.

நடுவில் ஒட்டுப்பலகைச் சுவர்.
இடுக்குகளில் ஈரக் கைலியைத் திணித்தோம்.
ஆனாலும் விடிந்ததும்
எடைத்தட்டில் சிமெண்டுத் தூசி படிந்திருக்கும்.
துடைத்துவிட்டுத்தான் பிள்ளையை வைப்போம்.
பதினாலு கட்டில் எட்டானது.
ஒன்பதாவது ஆள் வந்தால்
துணி அறை, இரும்பு அலமாரிகளுக்கு நடுவே.

முதல் நாள் துளைப்பான் ஓடியபோது
நோர் அஸ்லீனாவின் வயிற்றில் பட்டை கட்டி
உள்ளே துடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
சுவர் துடித்தது. கட்டில் துடித்தது.
எது பிள்ளை, எது கான்கிரீட் என்று
காதால் பிரிக்க முடியவில்லை.
இருபத்துமூன்று வருடமாக
"கத்தாதம்மா, மூச்ச விடு" என்று சொன்ன தொண்டை
அன்று பலகைக் கதவைத் தட்டிக் கத்தியது.

மேஸ்திரி ஜுனைதி, லொம்போக்காரர்,
தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
மலாயில் கேட்டார்:
"எப்போது நிறுத்துவதென்று எங்களுக்கு எப்படித் தெரியும், மிஸி?"
நியாயமான கேள்வி.
அலமாரியில் கிடந்த சிவப்புத் துண்டு ஒன்றைக்
கதவின் ஆணியில் மாட்டினேன்.
தொங்கினால் நிறுத்து.
எடுத்தால் இடி.

துண்டு தொங்கும்போது
அந்தப் பக்கம் ஆறு பேர் மூட்டைகள்மேல் குந்தி
பிளாஸ்டிக் பையில் தே-ஓ உறிஞ்சியபடி இருப்பார்கள்.
அழுகை கேட்டதும் யாரோ "அல்ஹம்துலில்லா" என்பார்,
நேப்பாளிப் பையன் வாளியைத் தட்டுவான்.
நான் துண்டில் கை வைப்பதற்குள்
துளைப்பான் தொண்டையைச் செருமும்.
குத்தகைக்காரர் இங் மணி பார்ப்பார்.
நாளொன்றுக்கு அபராதம் எவ்வளவு என்று
யாரிடமும் சொல்லாமல் சொல்வார்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய், விடியுமுன்,
துரோலாக் தோட்டத்து லோகேஸ்வரி.
முப்பத்தெட்டு வாரம்.
நேற்று மாலையிலிருந்து அசையவில்லை என்றாள்.
பட்டை கட்டினேன்.
துளைப்பான் ஓடவில்லை.
காதால் பிரிக்க ஒன்றுமில்லை.

அவர்கள் எட்டுக்கு வருமுன்பே துண்டை மாட்டினேன்.
மாலை வரை தொங்கியது.
பெற்றாள்.
நிறைய முடி. நகம்கூட வளர்ந்திருந்தது.
கழுவி, சுற்றி, அவள் கையில் கொடுத்துவிட்டு
நாலேகாலுக்கு வந்து துண்டை எடுத்தேன்.

துளைப்பான் ஓடவில்லை.
அழுகை கேட்காதவர்கள்
துண்டை நம்பவில்லை போலும்.
கொஞ்ச நேரம் கழித்து விளக்குமாறு,
மிக மெதுவாக,
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு.
மறுநாளும் அவர்கள் இடிக்கவில்லை.
கையால் ஆகிற வேலைகளைச் செய்தார்கள்.
இங் வந்தார், நின்றார்,
மணி பார்க்காமல் போனார்.

வர்ணம் அடிக்கும் வாரம்
புதுப் பக்கத்தைச் சரிபார்க்கப் போனேன்.
கழுவுதொட்டிக்கு மேலே
பென்சில் கோடுகள், ஐந்தைந்தாக.
"துண்டுக்கு ஒன்று" என்றான் நேப்பாளிப் பையன்
திருடிப் பிடிபட்டவன்போல.
எங்கள் பதிவேட்டில்
லோகேஸ்வரிக்கு வேறு பக்கம், வேறு பத்தி.
இதில் அவளுடையது எது என்று கேட்டேன்.
குனிந்து தேடினான். அவனுக்கும் தெரியவில்லை.
எல்லாம் ஒரே நீளம்.

"ராத்திரி பிறந்ததை எல்லாம் விட்டுவிட்டீர்களே."
"ராத்திரி நாங்கள் இல்லையே, மிஸி."

வெளிர்பச்சை, இரண்டு பூச்சு.
முதல் பூச்சில் கோடுகள் தெரிந்தன.

திங்கட்கிழமை கட்டில்களை அந்தப் பக்கம் உருட்டுகிறோம்.
இனி இந்தப் பாதியை இடிப்பார்கள்,
அந்தப் பாதியில் பெறுவார்கள்.
பலகைக் கதவைத் தோளில் சுமந்தபடி
ஆணியை எந்தப் பக்கம் அடிப்பது என்று
ஜுனைதி கேட்கிறார்.